ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போக: கப்பலையும் கடலையும் கேட்டுத் திட்டமிடும் முழு வழிகாட்டி

அந்தமான் போகக் கிளம்புகிறவர்கள் விமான டிக்கெட்டில் ஆரம்பித்து ஓட்டலில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் கப்பலைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். படங்களில் பார்த்து ஆசைப்படுகிற வெள்ளை மணலும் பச்சை கலந்த நீலக் கடலும் விமானம் இறங்குகிற போர்ட் பிளேரில் அவ்வளவாகக் கிடையாது. ஹேவ்லாக், நீல் என்ற இரண்டு தீவுகளில்தான் இருக்கின்றன. அங்கே போய்ச் சேர மறுபடியும் கடல் தாண்ட வேண்டும். கடல் என்றைக்கு விடும், எத்தனை மணிக்கு விடும் என்பதை வைத்துத்தான் அறை, சாப்பாடு, டைவிங், திரும்பும் விமானம் எல்லாவற்றையும் அடுக்க முடியும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் பெயர்க் குழப்பம். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்றும், நீல் தீவுக்கு ஷஹீத் த்வீப் என்றும், போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கும் ராஸ் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் என்றும் பெயர் மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயரைச் சொல்வார். இதில் இன்னொரு கூத்து: சென்னைக்கும் அந்தமானுக்கும் ஓடும் பயணிகள் கப்பல் ஒன்றுக்கு, தீவுக்குப் பெயர் மாறுவதற்கு வெகு முன்பிருந்தே ஸ்வராஜ் த்வீப் என்றுதான் பெயர். தேடும்போது தீவா கப்பலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் இங்கே ஊர்க்காரர்கள் சொல்கிறபடியே எழுதுகிறேன்.

மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

அந்தமானுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மாதம் பாதிக்கு மேல் அங்கே இறங்கிவிடும். செப்டம்பர் வரை அதன் ஆட்டம். அப்புறம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, கூடவே வங்கக் கடலின் புயல் சின்னங்கள். ஆக, நம்பிப் போகக்கூடியது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அதிலும் பிப்ரவரி, மார்ச் எனக்குப் பிடித்த மாதங்கள். கடல் குளம் மாதிரி கிடக்கும், தண்ணீரும் தெளிந்திருக்கும், கிறிஸ்துமஸ் புத்தாண்டுக் கூட்டமும் வடிந்திருக்கும். ஏப்ரலில் கடல் இன்னும் அருமை, ஆனால் வெயில் பொசுக்கும். பள்ளி விடுமுறையை நம்பியிருக்கிற குடும்பங்கள் மே முதல் வாரத்துக்குள் போய்த் திரும்பிவிடுவது நல்லது.

டிசம்பர் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் முழுக்க நம்ப முடியாது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா புயல், அதற்குச் சில நாட்களுக்கு முன்பு அந்தமான் பக்கத்தில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. அப்போது கப்பல்கள் நின்றுபோய், ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்துவந்தன. இது எப்போதோ நடக்கிற விஷயம்தான். ஆனால் ஒரு நாள், இரண்டு நாள் கப்பல் ரத்தாவது அவ்வளவு அபூர்வம் கிடையாது.

மழைக்காலத்தில் போகவே கூடாதா? போகலாம், அறை மலிவாகக் கிடைக்கும், காடு பச்சைப்பசேல் என்றிருக்கும். இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கையில் இருப்பவர்களுக்கு மட்டும் அது சரிப்படும்.

திரும்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில் தங்கியே ஆக வேண்டும். இதில் பேரம் கிடையாது. பல விமானங்கள் காலையிலும் முற்பகலிலும் கிளம்பிவிடும். அன்று காலை ஹேவ்லாக்கில் கப்பல் ஏறி, நேராக விமான நிலையம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டால், காற்று கொஞ்சம் முறைத்தாலும் விமானம் போய்விடும்.

அதே மாதிரி வந்து இறங்குகிற நாளையும் போர்ட் பிளேருக்கே கொடுத்துவிடுங்கள். தனியார் கப்பல்கள் பெரும்பாலும் அதிகாலையிலும் நண்பகலை ஒட்டியும் கிளம்புகின்றன. சென்னையில் விடியற்காலை ஏறினால் அன்றைக்கே மதியக் கப்பலைப் பிடித்துவிடலாம்தான். விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் அந்தக் கப்பலும் போச்சு, அதற்கப்புறம் அடுக்கிவைத்த எல்லாமும் சரிந்துவிடும்.

ஆறு இரவு கிடைத்தால் இப்படிப் பிரிக்கலாம்: முதல் இரவு போர்ட் பிளேர். மறுநாள் காலைக் கப்பலில் ஹேவ்லாக், அங்கே மூன்று இரவு. பிறகு நீல், ஒரு இரவு. அடுத்த நாள் அங்கிருந்து போர்ட் பிளேர் திரும்பி, கடைசி இரவு. நான்கு இரவுதான் என்றால் நீலை விட்டுவிட்டு ஹேவ்லாக்கில் இரண்டு இரவு இருங்கள். நான்கு இரவுக்குள் மூன்று ஊரையும் திணித்து வருகிறவர்கள் கடற்கரையில் இருந்த நேரத்தைவிட துறைமுக வரிசையில் நின்ற நேரம்தான் அதிகமாக இருக்கும். பயண ஏற்பாட்டாளர்கள் தரும் அட்டவணையில் இதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்: கடைசி இரவு எங்கே, தீவில் எத்தனை முழு நாள்.

சென்னையிலிருந்து

விமானம் சுமார் இரண்டேகால் மணி நேரம். இந்தியர்களுக்கு இந்தத் தீவுகளுக்குத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. அசல் அடையாள அட்டை இருந்தால் போதும், ஆனால் அது விமானத்துக்கு மட்டுமல்லாமல் கப்பலுக்கும் தேவைப்படும். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர்கள் கூட வந்தால் அவர்களுக்கான விதிகள் வேறு, கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நிக்கோபார் தீவுகளுக்குச் சுற்றுலாப் பயணிகள் போக முடியாது, அதனால் அந்தக் கனவை இப்போதே மடித்து வைத்துவிடலாம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பலும் உண்டு. சுமார் 1,200 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று நாள். மாதத்தில் சில தடவைதான் ஓடும், தேதியும் நிலையாக இருக்காது. தீவில் வேலை பார்ப்பவர்கள், அங்கே சொந்தபந்தம் உள்ளவர்கள், சாமான் அதிகம் கொண்டுபோகிறவர்கள் அதில் போவார்கள். ஒரு வார லீவில் வருகிறவர்களுக்கு அது ஒத்துவராது. கடல் பயணமே ஆசை என்றால், போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்ளலாம். போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாளை ஓய்வுக்கு விடுங்கள், தரையில் நின்றாலும் கொஞ்ச நேரம் ஆடுகிற மாதிரியே இருக்கும்.

தீவுக் கப்பல் டிக்கெட்

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், ஹேவ்லாக்கிலிருந்து நீல், நீலிலிருந்து போர்ட் பிளேர். இந்த முக்கோணம்தான் வழக்கம். எதிர்த்திசையிலும் போகலாம், ஹேவ்லாக்கில் அறை கிடைக்காத நாட்களில் அது கைகொடுக்கும்.

இரண்டு வகைக் கப்பல்கள். மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்ற தனியார் கப்பல்கள் ஹேடோ துறையிலிருந்து போகின்றன. ஏசி, எண் போட்ட இருக்கை, ஹேவ்லாக்குக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அரசுக் கப்பல்கள் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து போகின்றன. கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு, பயணம் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டு துறைகளும் வேறு வேறு இடம். ஆட்டோவில் ஏறும்போது எந்தத் துறை என்று சொல்லி ஏறுங்கள்.

அரசுக் கப்பல் தீவு மக்களின் பஸ். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், காய்கறி மூட்டை ஏற்றுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் அதில்தான். உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை உண்டு, அது நியாயமும்கூட. எனக்கு அதில் மேல்தட்டில் நின்று போவது பிடிக்கும். தனியார் கப்பல்கள் பலவற்றில் மூடிய கண்ணாடிக்குள் உட்கார்ந்தபடிதான் போக வேண்டும், கடல் தொலைக்காட்சி மாதிரி தெரியும். ஆனால் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறீர்கள், தேதி தவறக்கூடாது என்றால் தனியார் கப்பலில் முன்பதிவு செய்வதே நிம்மதி. டிசம்பர் கடைசி வாரம், பொங்கல், நீண்ட வார விடுமுறை என்றால் விமான டிக்கெட் எடுத்த கையோடு கப்பல் டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள். அரசுக் கப்பலுக்கு இணையத்திலும் கவுன்டரிலும் டிக்கெட் உண்டு, ஆனால் பதிவு தொடங்குவது பயணத் தேதியை ஒட்டித்தான்.

டிக்கெட் எடுக்கும்போது ரத்து விதியைப் படியுங்கள். கடல் நிலையால் கப்பல் நின்றால் பணம் திரும்புமா, வேறு தேதியா என்பது அங்கே இருக்கும். கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் துறையில் இருங்கள். பைகளை எக்ஸ்ரேயில் விடுவார்கள், அடையாள அட்டையையும் டிக்கெட்டையும் ஒப்பிடுவார்கள், பெரிய பெட்டிக்கு அட்டை கட்டித் தனியே அடுக்குவார்கள். கிளம்ப முப்பது நிமிடம் இருக்கும்போதே வாசலை அடைத்துவிடும் வழக்கம் உண்டு.

வாந்தி வருகிறவர்கள் கீழ்த்தட்டில், நடுப்பகுதியில், பின்பக்கமாக இருக்கை கேளுங்கள். கப்பலின் மூக்கும் மேல்தட்டும்தான் அதிகம் ஆடும். மாத்திரை போடுவதாக இருந்தால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும், குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. குழந்தைகளுக்கும் வேறு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், எண்ணெய்ப் பூரியோடும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும்.

அறை எடுக்கும் முன் கடல் ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

சென்னைக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். மெரினாவில் கடல் ஏறி இறங்குவது கண்ணுக்கே பெரிதாகத் தெரியாது. அந்தமானில் அந்த வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டர் வரை போகும். ஒரு நாளில் கடல் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும்.

ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் விஜயநகர் இருக்கிறது, ஐந்தாம் எண் கடற்கரை என்பார்கள். தங்கும் இடங்களில் பெரும்பகுதி அங்கேதான். கடல் ஏறியிருக்கும்போது அறை வாசலிலிருந்து பத்தடியில் இளநீல நிறத் தண்ணீர், வளைந்து சாய்ந்த மரங்கள், விளம்பரப் படமேதான். நான்கைந்து மணி நேரம் கழித்து அதே இடத்துக்கு வந்து பாருங்கள். தண்ணீர் எங்கேயோ தூரத்தில் ஒரு கோடாக இருக்கும். நடுவில் முழுக்கப் பாறையும் செத்த பவளமும் குழிகளில் தேங்கிய நீரும். படகுகள் மணலில் ஒருக்களித்துக் கிடக்கும். குனிந்து பார்த்தால் அந்தக் குழிகளுக்குள் வேறொரு உலகம்: கடுகளவு நண்டு, கருப்பு விரல் போல அசையாமல் கிடக்கும் கடல் அட்டை, சங்கு ஒன்று தானாக நடக்கிறதே என்று பார்த்தால் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் துறவி நண்டு. பிள்ளைகளுக்கு இது நீச்சலைவிடப் பெரிய வேடிக்கை. ஆனால் குளிக்க முடியாது. வெறுங்காலோடு நடந்தால் பவளம் கிழித்துவிடும், அந்தக் காயம் ஆறவும் நாளாகும்.

எனவே ஓட்டலில் "கடலோர அறை" என்றால் மகிழ்ச்சியில் காசைக் கட்டிவிடாதீர்கள். "கடல் இறங்கினாலும் குளிக்கலாமா?" என்று கேளுங்கள். கிழக்குக் கரையில் பெரும்பாலும் முடியாது என்பதுதான் பதில். குளிக்க மேற்கே இருக்கும் ராதாநகர் போக வேண்டும். அதனால் கடலோர அறைக்குக் கூடுதலாகக் கொட்டுவதைவிட, துறைமுகத்துக்கும் விஜயநகருக்கும் நடுவில் கோவிந்த் நகர் பக்கம் எளிய அறை எடுத்து, ஒரு ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் அங்கேதான். காலையில் எழுந்ததும் அலை சத்தம் காதில் விழ வேண்டும் என்கிறவர்களுக்கு விஜயநகர்.

அன்றன்றைக்கான ஏற்ற இறக்க நேரம் இணையத்தில் கிடைக்கும். தங்குமிட வரவேற்பறையிலும் டைவிங் கடையிலும் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். போன பிறகு முதலில் அதைக் குறித்துக்கொண்டு, அப்புறம் நாளைத் திட்டமிடுங்கள்.

எந்தக் கரைக்கு எந்த நேரம்

அந்தமான் இந்திய நேரத்தில் ஓடினாலும் சூரியன் அதைக் கேட்பதில்லை. டிசம்பரில் மாலை ஐந்து மணி சுமாருக்கே இறங்கிவிடும். ஏப்ரலில் காலை ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். ஒன்பது மணிக்கு எழுந்து பத்தரைக்குக் கிளம்புகிறவர்களுக்கு நாளில் பாதி போய்விட்டிருக்கும். தீவில் இருக்கும் வரை ஐந்தரைக்கு எழுந்து, ஒன்பதுக்குத் தூங்குங்கள்.

ராதாநகர் துறைமுகத்திலிருந்து 12 கிலோமீட்டர் சுமார். 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதிலிருந்து கூட்டத்துக்குக் குறைவில்லை, 2020-இல் சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குக் கொடுக்கும் நீலக்கொடிச் சான்றிதழும் கிடைத்தது. எல்லோரும் சூரியன் மறைவதைப் பார்க்க மூன்றரை மணிக்கு மேல்தான் வந்து குவிவார்கள். நீங்கள் காலை ஏழு மணிக்குப் போங்கள். மேற்கே பார்த்த கரை, பின்னால் வானளாவிய மரங்கள், அதனால் காலையில் மணலெல்லாம் நிழல். மாவு போன்ற மணல், பாறை இல்லாத தரை, கடல் இறங்கினாலும் குளிக்கலாம். மாலைக் காட்சிக்கும் ஒரு நாள் போய்த்தான் ஆக வேண்டும், ஆனால் திரும்பும் வழி இருட்டாக இருக்கும். ஸ்கூட்டரில் வந்தவர்கள் கடைசி வெளிச்சத்திலேயே கிளம்பிவிடுங்கள். மாட்டுக் கூட்டம் சாலை நடுவில் படுத்திருக்கும்.

எலிஃபண்ட் கடற்கரைக்குத் துறைமுகத்திலிருந்து படகு. காட்டு வழியாக நடந்தும் போகலாம், அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், மழை பெய்திருந்தால் சேறு. ஸ்நார்க்லிங் (முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக் குப்புற மிதந்து பார்ப்பது), கடல் நடை, ஜெட் ஸ்கீ எல்லாம் ஒரே இடத்தில் கூவிக்கூவி நடக்கும். முதல் படகில் போனால் ரசிக்கலாம், பதினோரு மணிக்குப் போனால் திருவிழா. காலாபத்தர் கடற்கரை கிழக்குப் பக்கம் இருக்கிறது, சூரிய உதயத்துக்கு மட்டும்.

நீல் தீவு சின்னது, சைக்கிளிலேயே சுற்றலாம். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய வங்காளிக் குடும்பங்களின் ஊர். வாழைத் தோப்பும் காய்கறி வயலும் நெல்லுமாக இருக்கும், போர்ட் பிளேருக்குக் காய்கறி இங்கிருந்தும் போகிறது. கரைகளின் பெயர்களைப் பாருங்கள்: பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர். பரத்பூர் துறைக்குப் பக்கத்திலேயே நடக்கும் தூரம், ஆழமில்லாத கடல், குழந்தைகளுக்கு ஏற்றது. சீதாபூர் விடியலுக்கு. லட்சுமண்பூரின் இன்னொரு கரையில் இயற்கையாக உருவான பாறை வளைவு ஒன்று இருக்கிறது, ஊர்க்காரர்கள் ஹௌரா பாலம் என்பார்கள். கடல் இறங்கியிருக்கும்போது மட்டும்தான் அதன் அடிவரை போக முடியும். பாறை வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு இல்லாமல் போகாதீர்கள். நீலுக்கு ஒரு நாள் போதும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சும்மா இருக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே மூன்று நாள்கூடப் போதாது.

தண்ணீருக்குள்

நீச்சல் தெரியாவிட்டாலும் ஸ்கூபா டைவிங் செய்யலாம். முதல்தடவை செய்கிறவர்களை ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர் வீதம் பிடித்தபடியே கூட்டிப்போவார்கள், ஆழம் அதிகபட்சம் 12 மீட்டர். பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காதுப் பிரச்சினை, கர்ப்பம் இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். சளி பிடித்திருந்தாலும் அன்று வேண்டாம். மூக்கடைப்போடு இறங்கினால் காதுக்குள் அழுத்தம் சமனாகாது, வலி தாங்க முடியாது.

கடை தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? தண்ணீருக்குள் எத்தனை நிமிடம்? கரையிலிருந்து இறக்குவார்களா, படகில் கூட்டிப்போவார்களா? ஆழமில்லாத இடத்தில் முகமூடிக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றவும், மூக்கைப் பிடித்து ஊதிக் காதழுத்தத்தைச் சமனாக்கவும் முதலில் பழக்குவார்களா? அவசரப்பட்டு "அதெல்லாம் ஒன்றுமில்லை சார், ஏறுங்க" என்கிற இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். புகைப்படம், வீடியோ சேர்ந்த விலையா என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

டைவிங் முடிந்த உடனே விமானம் ஏறக் கூடாது. ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறும் முன் காற்றழுத்தம் குறைந்தால் குமிழியாக மாறி மூட்டையும் நரம்பையும் தாக்கும். 24 மணி நேரம் இடைவெளி விடுவது பாதுகாப்பு. அதனால் டைவிங்கை ஹேவ்லாக்கின் இரண்டாவது நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று கடல் சரியில்லை என்றால் மூன்றாவது நாள் மிச்சமிருக்கும்.

பவளப் பாறைகளைப் பற்றி எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. 2010 கோடையில் கடல் நீர் சூடேறி அந்தமானின் பவளங்கள் பெருமளவில் வெளிறின, ஆழமில்லாத இடங்களில் அந்தச் சேதத்தை இன்றும் பார்க்கலாம். சாம்பல் நிறக் குவியல்களுக்கு நடுவே மீன்கள் மட்டும் வண்ணமாக ஓடும். வண்ணப் பவளம் பார்க்கக் கொஞ்சம் ஆழம் போக வேண்டும். தலையில் கண்ணாடிக் கூண்டு மாட்டிக் கடலடியில் நடக்க வைக்கிறார்களே, அதற்குக் கொடுக்கும் பணத்தில் இன்னொரு தடவை ஸ்நார்க்லிங் போகலாம் என்பது என் கட்சி.

எதையும் தொடாதீர்கள், பவளத்தின் மேல் நிற்காதீர்கள். வெயிலுக்கு முழுக்கைச் சட்டை போட்டு நீந்துங்கள். முகம் குப்புற மிதக்கும்போது முதுகு வெந்துபோவது தெரியாது, இரவில்தான் தெரியும்.

பணம், போன், சாப்பாடு

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடி இணையக் கம்பி 2020 ஆகஸ்டில் வந்தது. போர்ட் பிளேரில் நெட் இப்போது பரவாயில்லை. ஹேவ்லாக்கில் இருந்தால் இருக்கும், நீலில் அதைவிட நிச்சயமில்லை. ஜிபே வேலை செய்யும் நேரம் செய்யும். ஏடிஎம்கள் சிலதான், அவற்றிலும் பணம் தீர்ந்திருக்கலாம். தீவுச் செலவில் பாதியாவது ரொக்கமாக போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட், ஓட்டல் பதிவு எல்லாவற்றையும் போனில் சேமித்து, ஒரு பிரதி காகிதத்திலும் வைத்திருங்கள்.

ஹேவ்லாக்கில் வங்காளிச் சமையல்: சோறு, பருப்பு, மீன் குழம்பு, ஒரு பொரியல். துறைமுகப் பக்கத்துக் கடைகளில் மதியச் சாப்பாடு மலிவு, ருசி. பெரிய மீன், இறால், நண்டு கேட்கும்போது எடையைப் போட்டுக் காட்டச் சொல்லி, விலையைப் பேசி, அப்புறம் சமைக்கச் சொல்லுங்கள். போர்ட் பிளேரில் இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை. அபர்டீன் பஜாரில் நடந்தாலே தமிழ் காதில் விழும், தலைமுறையாக அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. தீவுகளுக்குப் பொதுமொழி இந்திதான், அரைகுறை இந்தி போதும்.

சிறிய கடி, பெரிய முதலை

கொசுவைவிடத் தொல்லை மணல் ஈ. கண்ணுக்குத் தெரியாது, மணலில் படுக்கிறவர்களைக் காலையிலும் மாலையிலும் கடிக்கும். அப்போது வலிக்காது, மறுநாள் சிவந்து ஒரு வாரம் அரிக்கும். காலில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொண்டு, மணலில் நேராகப் படுக்காமல் துணி விரித்துப் படுங்கள். சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

உப்பு நீர் முதலைகள் அந்தமானில் உண்மையாகவே இருக்கின்றன. 2010-இல் ராதாநகரை ஒட்டிய ஓரத்தில் நீந்திய வெளிநாட்டுப் பெண் ஒருவரை முதலை கொன்றது. ஓடைகளும் சதுப்பு மரங்களும் கடலோடு சேருகிற இடங்களில்தான் ஆபத்து அதிகம். எச்சரிக்கைப் பலகையை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியில், வெளிச்சம் இருக்கும்போது மட்டும் இறங்குங்கள். மாலை மங்கிய பிறகு முழங்கால் அளவுக்குக்கூட வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி போர்ட் பிளேரில்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். தினமும் சாப்பிடும் மருந்தை இரண்டு மூன்று நாள் கூடுதலாகவே எடுத்துப் போங்கள்.

எடுக்கக் கூடாதவை, போகக் கூடாத இடங்கள்

கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு, சங்கு, சிப்பி எதையும் பையில் போடாதீர்கள். செத்த பவளமும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கும். திரும்பும்போது விமான நிலைய எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று தெரியும். பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளாடைகளுக்கு நடுவே சுருட்டி வைத்ததை எல்லோர் முன்பாகவும் எடுத்து வைக்கச் சொல்வார்கள். பிள்ளைகளின் பைகளை முந்தைய இரவே ஒருமுறை கொட்டிப் பாருங்கள், எப்படியும் நாலு சிப்பி இருக்கும்.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் பல ஏற்பாட்டாளர்கள் அழைப்பார்கள். அந்தச் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதி வழியாகப் போகிறது. வண்டிகளைக் காவலோடு தொடராக விடுவார்கள், நிறுத்தவோ அவர்களைப் படம் எடுக்கவோ எதையாவது கொடுக்கவோ கூடாது, மீறினால் சிறை வரை போகும். நான் அந்தப் பயணத்தைச் சிபாரிசு செய்ய மாட்டேன். குகைக்காகப் போகிறவர்களைவிட மனிதர்களை எட்டிப் பார்க்கப் போகிறவர்கள்தான் அந்த வண்டிகளில் அதிகம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, அந்த ஒரு நாளை அப்படிச் செலவழிப்பதைவிட நீலில் இன்னொரு இரவு இருக்கலாம்.

போர்ட் பிளேரில் கடைசி மாலை

கப்பல் ஒழுங்காக ஓடினால் கடைசி நாளில் அரை நாள் கையில் மிஞ்சும். முதல் நாளே செல்லுலார் சிறையைப் பார்க்காதவர்கள் இப்போது போகலாம். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்தார்கள். நடுக் கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகளாகப் பிரிந்த கட்டடத்தில் இன்று மூன்றுதான் எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொரு அறையின் கதவும் எதிர்ச் சிறகின் முதுகைப் பார்த்தபடி அமைந்தது, ஒரு கைதி இன்னொருவர் முகத்தைப் பார்க்க வழியில்லை. மாலை ஒலி ஒளிக் காட்சிக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், காட்சி இந்தியிலா ஆங்கிலத்திலா என்று கேட்டு வாங்குங்கள். விடுமுறை நாட்களையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சிறை பார்த்தாகிவிட்டது என்றால் வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு அபர்டீன் பஜாரில் சுற்றுங்கள். சங்கு, சிப்பி, முத்து வேலைப்பாட்டுப் பொருள் வேண்டுமென்றால் சாகரிகா என்ற அரசு விற்பனை நிலையத்திலோ பில் கொடுக்கிற கடையிலோ மட்டும் வாங்குங்கள். அந்தப் பில்லைப் பெட்டிக்குள் புதைத்துவிடாமல் கைப்பையில் மேலாகவே வையுங்கள், மறுநாள் விமான நிலையத்தில் கேட்டால் உடனே எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.